டைட்டானியத்தின் ஓரத்தில் தெரிவதெல்லாம் எலும்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பொருத்தும் டைட்டானியத் திருகு) பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, திருகோடு எலும்பு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை மைக்ரோ சி.டி. (சிறு துண்டுகளை மிக நுணுக்கமாக முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்-கதிர்ப் படம்) துல்லியமாகச் சொல்லிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அண்ணாமலைநகரிலும் புதுச்சேரியிலும் பல் மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் அதை நம்பி ஆய்வேடு எழுதிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இக்கடிதம்.

நோயாளிகளுக்கு முதலில் ஒன்று. இந்தப் படத்தை எடுக்கச் சொல்லி எந்த கிளினிக்கிலும் கேட்காதீர்கள். எலி, முயல் எலும்பில் இம்ப்ளாண்ட் பொருத்தி, பின்னர் வெட்டியெடுத்த சிறு துண்டுகளுக்கான ஆய்வுக்கருவி இது. மனிதருக்குச் சாதாரண பல் எக்ஸ்-ரேயும், தேவைப்பட்டால் கூம்புக்கதிர் சி.டி.யும் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்-கதிர்ப் படம்)தான்.

இனி சிக்கலுக்கு வருவோம். டைட்டானியம் எலும்பைவிட அடர்த்தியானது. கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம். எக்ஸ்-கதிரில் ஆற்றல் குறைந்த பகுதியை அது முதலில் விழுங்கிவிடுவதால், படத்தில் திருகைச் சுற்றிக் கருங்கோடுகளும் வெளிச்ச வளையமும் விழுகின்றன. அதைவிட மோசமானது ஓரப்பிழை. முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனசதுரமான வாக்செல் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், ஓரளவு உலோகமும் மீதி மஜ்ஜையுமாக அமைந்த வாக்செலின் சாம்பல் நிற மதிப்பு இரண்டுக்கும் நடுவில், எலும்பின் மதிப்பை ஒட்டி வந்து நிற்கக்கூடும். மென்பொருள் அதை எலும்பு என்றே எண்ணும். எலும்பே இல்லாத இடத்திலும் திருகைச் சுற்றி மெல்லிய "எலும்பு" ஓடு தெரிவது இதனால்தான்.

ஆகவே உலோக விளிம்பிலிருந்து 2 முதல் 4 வாக்செல், அதாவது 30 முதல் 60 மைக்ரான் வரை, கணக்கிலிருந்து நீக்க வேண்டும். அதற்கு வெளியே 500 மைக்ரான் அகலத்துக்கு ஒரு வளையத்தை எடுத்து, அதற்குள் எலும்பின் கன அளவு விகிதம், எலும்புக்குள் வலைபோல் ஓடும் மெல்லிய சட்டங்களின் தடிமன், இடைவெளி ஆகியவற்றை அளக்கலாம். எத்தனை வாக்செல் நீக்குவது என்பதை ஊகித்து வைக்காமல் சோதித்து முடிவு செய்வது நல்லது: புதிய இம்ப்ளாண்ட் ஒன்றைத் தண்ணீரில் தனியாக வைத்து, அதே அமைப்பில் படமெடுத்து, அதே முறையில் அளந்து பாருங்கள். அங்கே எவ்வளவு "எலும்பு" வருகிறதோ அத்தனையும் பொய். அது பூஜ்யமாகும்வரை விளிம்பைத் தள்ளுங்கள்.

படமெடுக்கும்போது மின்னழுத்தம் 90 முதல் 100 கிலோவோல்ட், அலுமினியத்தோடு செம்புத் தகடும் வடிகட்டியாக இருப்பது நல்லது. திருகின் அச்சு, படமெடுக்கும்போது துண்டு சுழலும் அச்சோடு ஒத்திருக்கட்டும். படுக்க வைத்தால் கதிர் உலோகத்தின் முழு நீளத்தையும் கடக்க நேரும். துண்டு காயவே கூடாது. நம் ஊர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்தால் திசு சுருங்கி, இம்ப்ளாண்டை விட்டு விலகி, இல்லாத இடைவெளி உண்டாகும். 70 சதவீத எத்தனாலில் நனைத்த துணி சுற்றி, ஆடாமல் இறுக்கி வையுங்கள்.

எலும்பையும் மஜ்ஜையையும் பிரிக்கும் த்ரெஷோல்டு (எல்லையாகக் கொள்ளும் சாம்பல் நிற மதிப்பு) எல்லாத் துண்டுகளுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். துண்டுக்குத் துண்டு கண்ணால் பார்த்து மாற்றினால், மாற்றுபவரின் விருப்பமும் முடிவில் கலந்துவிடும். இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் அந்த விலங்குகள் உயிரைக் கொடுத்திருக்கின்றன.

எலும்பு உலோகத்தை உண்மையிலேயே தொடுகிறதா என்ற கேள்விக்கு மைக்ரோ சி.டி.யில் விடை இல்லை. நாம் நீக்கியதே அந்த ஓரத்தைத்தான். எலும்பு நேரடியாக ஒட்டுவதை, டைட்டானிய இம்ப்ளாண்டின் முன்னோடியான சுவீடன் ஆய்வாளர் பிரோனமார்க் வரையறுத்ததும் ஒளி நுண்ணோக்கியில் தெரியும் அளவில்தான். எனவே படமெடுத்த துண்டைப் பிளாஸ்டிக் ரெசினில் பதித்து, எலும்பின் சுண்ணாம்புச் சத்தை நீக்காமல் அறுத்து, சில பத்து மைக்ரானுக்குத் தேய்த்து, டொலுயிடின் நீலம் என்ற சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். மைக்ரோ சி.டி. துண்டைச் சேதப்படுத்துவதில்லை என்பதால் ஒரே துண்டில் இரண்டையும் செய்யலாம். இனி இத்தகைய எண்களை வெளியிடும்போது வாக்செல் அளவையும், விளிம்பில் எத்தனை மைக்ரான் நீக்கப்பட்டது என்பதையும் கூடவே அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
எலும்புப் படப் பகுப்பாய்வில் பணிபுரியும் வாசகர்கள்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.