தலைக்காயத்துக்குப் பிறகு வரும் மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அத்திட்டத்தால் பிழைத்த ஒரு பெண்ணின் தந்தை என்ற முறையில் நன்றியோடு இதை எழுதுகிறேன். ஆனால், நான் சொல்ல வந்தது அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றி.

பிளஸ் 1 படித்துக்கொண்டிருந்த என் மகள் வீடு திரும்பியபோது நடையும் பேச்சும் பழையபடியே இருந்தன. மூன்று பொருள் வாங்கிவரக் கடைக்கு அனுப்பினால் ஒன்றோடு வந்து நின்றாள். காலையில் படித்த பாடம் மாலையில் அவளுக்குப் புதிதாக இருந்தது. சோம்பல் என்று பள்ளியில் சொன்னார்கள். காயத்தின் விளைவு அது என்று அறியாமல் நாங்களும் அவளைத் திட்டினோம். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

வெகுதூரம் அலைந்த பிறகு, நரம்பியல் உளவியலாளர் ஒருவர் கணினிவழிப் பயிற்சியைப் பரிந்துரைத்தார். திரையில் அடுத்தடுத்து ஒளிரும் கட்டங்களை நினைவில் வைத்து அதே வரிசையில் தொட வேண்டும். சரியாகச் செய்தால் வரிசை நீளும், தவறினால் குறையும். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த டோர்கெல் கிளிங்பெர்க், கவனக்குறைபாடுள்ள குழந்தைகளுக்காக உருவாக்கிய முறையை ஒட்டியது இப்பயிற்சி. வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து வாரம் செய்தாள், மதிப்பெண்ணும் ஏறியது.

ஆனால், திரையில் கிடைக்கும் தேர்ச்சி பாடத்துக்கும் அன்றாட வேலைக்கும் தானாக வந்துவிடுவதில்லை. ஆய்வுகளிலும் அதற்கான சான்று மெலிதாகவே இருக்கிறது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லூமோசிட்டி நிறுவனம், ஆதாரமின்றி விளம்பரம் செய்ததான குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். என் மகளுக்குக் கைகொடுத்தது, ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஒருவர் உடனிருந்து, பட்டியல் எழுதிக் கடைக்குப் போகவும் பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் படிக்கவும் பழக்கியதுதான்.

அந்த ஒருவர் எல்லா ஊரிலும் கிடைக்க வழி இருக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்காக இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில், தலைக்காயம் பட்ட மாணவர்களையும் சேர்த்து, உளவியலாளரின் மேற்பார்வையில் இப்பயிற்சியை அளிக்கலாம். அரசுப் பள்ளிகளில் உள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளைத் தொடர்பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். பயிற்சி மென்பொருள் தமிழில் இருப்பது அவசியம். தமிழ்வழியில் படித்த என் மகள், ஆங்கிலக் குறிப்புகளைப் புரிந்துகொள்வதிலேயே களைத்துப்போனாள்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் தலைக்காயம் தனியாக இடம்பெறவில்லை. எனவே, இம்மாணவர்கள் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் பெறுவதற்கான வழியையும் பள்ளிக் கல்வித் துறை தெளிவாக அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
திண்டுக்கல்.