நித்திரை வருதா என்று கேளுங்கள்

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று கொழும்பிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆட்களை அனுப்பும் முகவர் நிலையத்தாருக்கும், வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி தருவோருக்கும்,

வணக்கம்.

"உளவளத்துணை (கவுன்சலிங்) யாருக்கு வேணும்?" என்று வகுப்பில் கேட்டால் ஒரு கையும் உயராது. "எனக்கென்ன பைத்தியமா?" என்பது பாதிக் காரணம். பயணத்துக்கு முந்திய மெடிக்கலில் மனநோய் என்று எழுதிவிட்டால் வளைகுடாப் பயணம் அத்தோடு சரி என்ற பயம் மீதி. அது வீண் பயமும் அல்ல. ஆகவே, பேசுவது எந்தக் கோப்புக்கும் போகாது என்பதை முதலில் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல முடியாத ஏற்பாடென்றால் நடத்தாமலே விடலாம்.

மனஅழுத்தம் என்ற சொல் அவர்கள் வாயில் வராது. "யோசனை கூடிப்போச்சு", "நெஞ்சு படபடக்குது", "தலையிடி விடுறதில்ல" என்பார்கள். இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். நித்திரை வருதா, சாப்பாடு இறங்குதா என்று கேளுங்கள். மிச்சம் தானாக வரும்.

அடுத்தது போன். 1926 (இலங்கையின் மனநல உதவி எண்) போன்ற நாலு இலக்க எண்ணை வளைகுடாவிலிருந்து அப்படியே அழுத்தினால் போகாது. சாதாரண தொலைபேசி எண்ணில் முன்னாலுள்ள 0வை விட்டு 0094 சேர்த்த முழு எண் வேண்டும். துண்டில் எழுதிக் கொடுத்தால் துண்டு தொலையும். 'பெரியக்கா' என்பதுபோல் ஒரு பெயரில் போனில் பதிந்து, வகுப்பிலேயே ஒரு தடவை எடுத்துப் பார்க்கச் செய்யுங்கள். துபாயில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை, ஆனால் குரல் பதிவு போகும். அதை அனுப்பவும், அனுப்பிய கையோடு அழிக்கவும் பழக்குங்கள்.

குவைத்தில் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்க வரும்போது இரவு 11 மணி. கொழும்பில் அப்போது 1.30. மாலை ஐந்தோடு பூட்டும் தொலைபேசியால் யாருக்குப் பயன்? கொழும்பு நேரப்படி இரவு 10 முதல் 3 வரை தமிழ் பேசும் ஒருவர் இருக்க வேண்டும்.

அழைப்பை எடுத்தவுடன் ஊரைக் கேட்காதீர்கள். கதை வீட்டுக்குப் போய்விடும் என்று வைத்துவிடுவார்கள். "இப்போ கதைக்கலாமா? பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?" இதுதான் முதல் கேள்வி. மடம் (வீட்டு எசமானி) பக்கத்தில் நின்றாலும் 'ஓம்', 'இல்ல' என்று முடிக்கக்கூடியதாகவே மற்றவையும் இருக்கட்டும். அடிக்கிறார்களா, சாகிற எண்ணம் வருதா என்பதையும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ரெண்டு வருஷம்தானே, பொறுத்துக்கோ பிள்ள" என்றால்தான் அடுத்த அழைப்பு வராது.

சம்பளம் கிடைக்காமல் நித்திரை கெட்டவருக்கு மூச்சுப் பயிற்சி எதற்கு? எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, நாளை எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
தமிழில் உளவளத்துணை வழங்குவோர்,
கொழும்பு