நம்ம ஊர்தானே என்று இருந்துவிடாதே

அஸ்தம்பட்டி, சேலம்
செப்டம்பர் 10

அன்புள்ள கண்ணு,

அக்டோபர் கடைசியில் வருவதாக மாப்பிள்ளை சொன்னார். மழை பிடித்திருக்கும். ஏற்காடு அழகாக இருக்கிற மாதம், காய்ச்சலுக்கும் அதுதான் மாதம். வெளிநாட்டுக்காரன் வந்தால் ஊசி போட்டு, கொசு மருந்து வாங்கி, பயந்து பயந்து வருவான். சொந்த ஊருக்கு வருகிறவர்கள்தான் வெறுங்கையோடு வந்து இறங்கி டைபாய்டோடு திரும்புகிறார்கள். பதினொரு வருஷம் டொராண்டோ தண்ணீர் குடித்த வயிறு உன்னுடையது. சின்னவனுக்கோ இந்த மண்ணே புதிது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மூவரும் டைபாய்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அது முழுக் காப்பு அல்ல, வாயையும் கட்ட வேண்டும்.

வந்த அன்றே தட்டுவடை செட் கேட்பாய். பொரித்த தட்டுவடையால் ஒன்றும் ஆகாது. வில்லங்கம் உள்ளே வைக்கிற சட்னியிலும் துருவிய பீட்ரூட், கேரட்டிலும்தான். சட்னியில் பச்சைத் தண்ணீர், காய் வேகாதது. தட்டுவடையை மட்டும் வாங்கி வா, மற்றதை அம்மா வீட்டிலேயே செய்வாள். ஏற்காட்டு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியை வாணலியிலிருந்து நேராக எடுத்துத் தந்தால் சாப்பிடு.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை 1 லிட்டரில் முழுதாகக் கலக்கு. தண்ணீரைக் குறைத்தால் உப்பு கூடிப்போகும். சின்னவனுக்கு ஒவ்வொரு முறை போனதும் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் நிறுத்தி, பிறகு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு. ஜூஸ் டப்பா மாதிரி விற்கிற இனிப்புத் தண்ணீர் ஓ.ஆர்.எஸ். ஆகாது. மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ ஆஸ்பத்திரிதான்.

டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதனால் மத்தியானத் தூக்கத்துக்கும் வலை கட்டு. வீட்டு டிரம்களை வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் உள்பக்கம் தேய்க்கிறோம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் பிழைக்கும். காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும். நீ தலைவலிக்குப் போடுகிற இபுபுரூஃபன் கூடவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகாதே. 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்து. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, இதில் எதுவானாலும் உடனே கிளம்பு. பெரியம்மா பப்பாளி இலைச் சாறு கொண்டுவருவாள். மரியாதைக்கு வாங்கி வை.

ஆனால் எனக்கு அதிகக் கவலை ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் பற்றித்தான். புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு ஏறிக் கடிக்கும். கடித்தது தெரியாது. மழை தொடங்கிக் குளிர் முடியும்வரை இதன் காலம். மலையில் மட்டுமல்ல, அடிவாரக் கொல்லையிலும் உண்டு. காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்தால் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகு. விரிப்பில்லாமல் புல்லில் உட்காராதே. ஈரத் துணியைப் புதர்மேல் காயப் போடாதே. திரும்பியதும் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளி, போட்டிருந்த துணியை வெந்நீரில் போடு.

கடித்து 6 நாளிலிருந்து 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். அதாவது நீ திரும்பிப் போய் வேலையில் சேர்ந்த பிறகு. அங்கத்திய டாக்டருக்கு இது சட்டென்று தோன்றாது. தென்னிந்தியாவில் மலைப்புதரில் நடந்தேன், ஸ்க்ரப் டைஃபஸாக இருக்குமா என்று நீயே வாயைத் திறந்து கேள். அதற்கு முன் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் தேடு. சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கருத்த பொருக்கு இருந்தால் ஏறக்குறைய அதேதான். இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசினுக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அமாக்ஸிசிலின் இதற்குக் கேட்காது. நாள் கடத்தினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துக்கொள்ளும்.

மலைப்பாதையில் குரங்குக்குப் பொரி போடச் சின்னவன் அடம் பிடிப்பான், விடாதே. பிறாண்டினாலும் கடித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்பால் 15 நிமிஷம் கழுவு, கட்டுப் போடாதே, அன்றே ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசி. ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும் என்று கேள். இடையில் ஊர் திரும்பினால் ஊசிச் சீட்டைக் கையோடு கொண்டு போ.

20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது மாப்பிள்ளை இரண்டாம் கியரை விடக் கூடாது. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடாகிப் பிடிக்காது. ஏறும் வண்டிக்கு வழி விடச் சொல்.

சின்னவன் எடையைப் பார்த்து எழுதி அனுப்பு. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. அங்கே வாங்கும் சிரப்பும் இங்கே வாங்குவதும் ஒரே செறிவு இல்லை. 5 மில்லியில் எத்தனை மி.கி. என்று பாட்டிலில் படித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அன்புடன்,
அப்பா