புது நிலம் கேட்கும் முன் பழைய காத்தாடியைப் பாருங்கள்

தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழக அதிகாரிகளுக்கும் காற்றாலை உரிமையாளர்களுக்கும் வணக்கம். ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சம்சாரி ஒருவன் எழுதுகிறேன்.

ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். எங்களுக்கு ஆடி வரை பொறுக்க வேண்டாம். வைகாசி கடைசியிலேயே கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிடும், புரட்டாசி வரை விடாது. அதை நம்பித்தான் 1990-களில் முப்பந்தலில் வரிசையாகக் காத்தாடி நட்டார்கள். நான் அதற்கு எதிரி இல்லை.

ஆனால் இப்போது மறுபடியும் நிலம் கேட்டு வருகிறீர்கள். காற்று நன்றாக அடிக்கிற இடமெல்லாம் ஏற்கெனவே உங்கள் கையில்தானே இருக்கிறது? அங்கே நிற்பவை 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். சுமார் 30 மீட்டர் கோபுரம், 15 மீட்டருக்குள் இறக்கை. இன்றைய இயந்திரம் ஒன்றே 2, 3 மெகாவாட் தரும். கோபுரம் 100 மீட்டரைத் தாண்டும், இறக்கை 60 மீட்டருக்கு மேல். இறக்கை நான்கு மடங்கு நீண்டால் அது வளைத்துப் பிடிக்கும் காற்றின் பரப்பு பதினாறு மடங்கு. உயரே போனால் காற்றும் வேகமாக இருக்கும். நல்ல இடத்தைக் கிழட்டுக் காத்தாடிக்கு விட்டுவிட்டு எங்கள் மானாவாரி நிலத்துக்கு வருவது என்ன கணக்கு?

பழையதைக் கழற்றிவிட்டு அங்கேயே பெரியதை நடத் தடை என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும். துண்டு துண்டு நிலம், ஆளுக்கு ஒன்று இரண்டு காத்தாடி, சொந்தக்காரர்களில் பலர் வெளியூர் மில்காரர்கள். பெரிய இயந்திரங்களுக்கு இடையே இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டத்தைப்போல ஐந்து, ஏழு மடங்கு இடைவெளி வேண்டும். பத்துப் பேர் ஒன்று சேராமல் ஒன்றைக்கூட நட முடியாது. காற்றுக் காலத்து மின்சாரத்தை வாரியத்தில் கணக்கு வைத்து, பிறகு எடுத்துக்கொள்கிற சலுகை போய்விடுமோ என்ற பயம் வேறு. சரி, அதற்குத்தானே 2024-இல் அரசு பழைய காற்றாலைகளுக்கான புதுப்பிப்புக் கொள்கை கொண்டுவந்தது? உரிமையாளர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, நிலத்தின் அளவுக்கேற்ப மின்சாரத்தில் பங்கு பேசி முடிப்பதை நீங்கள்தான் முன்னின்று செய்ய வேண்டும்.

அப்புறம் எங்கள் ஓடை. சில வருடங்களுக்கு முன், இறக்கை ஏற்றிய லாரி திரும்புவதற்காக ஒரு கம்பெனி அதில் சரளை கொட்டிப் பாதை போட்டது. வேலை முடிந்ததும் எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் பாதைக்கு அந்தப் பக்கமே தேங்கியது. குளம் பாதிகூடப் பெருகவில்லை. கேட்டால் கம்பெனி ஒப்பந்தக்காரரைக் காட்டியது, ஒப்பந்தக்காரர் கம்பெனியைக் காட்டினார். கடைசியில் நாங்களே காசு பிரித்து மண்வெட்டியோடு இறங்கினோம்.

பழைய இடத்தில் நட்டாலும் இந்த லாரிகள் வரத்தான் செய்யும். அதனால் பாதையைத் திரும்ப எடுப்பதற்கு ஈடாக, போடும் முன்பே கம்பெனியிடம் பிணைத்தொகை வாங்கி வையுங்கள். ஓடை குறுக்கிட்டால் குழாய்ப் பாலம் கட்டச் சொல்லுங்கள். கழற்றிய காத்தாடியின் கான்கிரீட் அடித்தளத்தையும் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள், அதன்மேல் உழ முடியாது.

ஐப்பசிக்கு முன்னால் ஒருநாள் வாருங்கள். ஓடையை நடந்தே காட்டுகிறேன். தொப்பி போட்டுக்கொண்டு வராதீர்கள், நிற்காது.