மறுப்பதாக இருந்தால் எழுத்தில் மறுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மலேசியாவின் இந்தத் தோட்டப்புற நகரில் கடைவீட்டு (கீழே கடை, மேலே வீடு) மாடிகளில் ஆராதனை நடத்தும் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகள் எழுதும் மடல் இது.

தோட்டத்தில் தொழிலாளர் லயத்தருகே நின்ற சிற்றாலயங்களுக்குத் தனி கிராண்ட் (நிலப் பட்டா) கிடையாது. நிலம் தோட்டத்தின் பெயரில், விவசாய வகையில் இருந்தது. தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறியபோது புதிய வரைபடத்தில் ஆலயத்துக்கு லாட் (மனை) ஒதுக்கப்படவில்லை. பல கோயில்களுக்கும் இதே கதிதான். சபைகள் மாடியேறியது அதனால்தான்.

கடைவீட்டை வழிபாட்டுக்குப் பயன்படுத்தினால் அது பயன்பாட்டு மாற்றம். நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இன் 19ஆம் பிரிவுப்படி திட்ட அனுமதி வேண்டும். இதில் எங்களுக்கு மறுப்பில்லை. தீயணைப்பான், அவசர வழி, ஒலிபெருக்கி, கார் நிறுத்தம் என்று எதற்கு நிபந்தனை போட்டாலும் கட்டுப்படுவோம். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வேதத்தைத்தான் நாங்களும் வாசிக்கிறோம்.

மனு கவுண்டரிலேயே திரும்பி வருவதுதான் எங்களை வருத்துகிறது. "அக்கம்பக்கத்தில் விரும்பவில்லை" என்பார்கள். முத்திரை இல்லை, கோப்பு எண் இல்லை. 23ஆம் பிரிவின்படி, மறுப்பு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். கடிதமே இல்லையென்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? எதை எதிர்த்து முறையிடுவது?

அக்கம்பக்கத்தார் என்பவர் யார் என்பதையும் சட்டமே சொல்கிறது. உள்ளூர்த் திட்டம் (வட்டாரத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்டம்) இல்லாத இடங்களில் 21(6) பிரிவுப்படி அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும். 21 நாள்களுக்குள் அவர்கள் ஆட்சேபிக்கலாம். ஒட்டிய நிலமும், 20 மீட்டர் அகலத்துக்கு மேற்படாத சாலைக்கு அப்பால் உள்ள நிலமும் அதில் அடங்கும். வாட்சாப்பில் சுற்றும் கையெழுத்துப் பட்டியல் அதில் சேராது. 2015 ஏப்ரலில் பெட்டாலிங் ஜெயா, தாமான் மேடானில் கூட்டம் திரண்டதும் ஒரு கடைவீட்டுச் சபை தன் சிலுவையை இறக்கியது. அங்கே எந்தச் சட்டப் பிரிவும் தேவைப்படவில்லை.

சமயக் குழு தன் காரியங்களைத் தானே நடத்தலாம் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 11(3). பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம் தொடர்பான பொதுச் சட்டத்தை மீறக்கூடாது என்கிறது 11(5). அப்படி மீறியிருந்தால் எதை மீறினோம் என்று எழுதுங்கள். ஞாயிறு காலையில் வாசலில் நின்று வாயால் மூடச் சொல்வது எங்களை ஊமையாக்குகிறது. பவுல் அப்போஸ்தலர் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். மேல்முறையீடு எங்களுக்குக் கலகம் அல்ல.

மனுவை வாங்கி முத்திரையிட்டு எண் கொடுங்கள். மறுத்தால் பிரிவையும் காரணத்தையும் தேதியோடு எழுதுங்கள். ஏற்கெனவே திருப்பி அனுப்பிய மனுக்களோடு அடுத்த வாரம் மீண்டும் கவுண்டருக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
கடைவீட்டுத் தமிழ்ச் சபைகள்