முரளிக்கு, மஸில் பிரேக் பற்றி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற இடத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். எனக்கு முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது, அதைத் தவிரக் குறையில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பழைய மார்லின் 1895 லீவர் ரைஃபிள் (நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றுகிற வகை) ஒன்று வாங்கியிருக்கிறாய், அதுவும் .45-70 என்ற கனத்த தோட்டாவுக்கானது. கொஞ்சம் சுட்டதுமே தோள் கன்றிப்போகிறது, உதையைக் குறைக்கக் குழலின் முனையில் மாட்டுகிற மஸில் பிரேக்கில் எது நல்லது என்று கேட்கிறாய். பிரேக்கின் பெயரைச் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் உன் ரைஃபிளுக்கு அது முதல் மருந்து இல்லை என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன், பிறகு உன் இஷ்டம்.

ரைஃபிள் பின்னால் உதைக்க இரண்டு காரணம் உண்டு. குண்டு முன்னே பாய்வது ஒன்று. எரிந்த வெடிமருந்தின் வாயு குழலின் வாயிலிருந்து பீறிட்டு வெளியேறுவது மற்றொன்று. குண்டு தரும் உதையை பிரேக்கால் தொடவே முடியாது. வாயுவை மட்டும் அது பக்கவாட்டிலோ கொஞ்சம் பின்பக்கமாகவோ திருப்பிவிடும். அப்படித் திரும்பும் வாயு பிரேக்கின் சுவரில் மோதி ரைஃபிளை முன்னால் இழுக்கும். ஆகவே வாயு எவ்வளவு அதிகமோ, அழுத்தம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பலன்.

இப்போது கணக்கைப் பார். .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வேகமான தோட்டாவில் 180 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கிற சிறிய எடை அளவு) குண்டுக்குப் பின்னால் 70 கிரெய்னை ஒட்டி மருந்து இருக்கும். உன் .45-70-இல் 405 கிரெய்ன் குண்டுக்கு 40, 50 கிரெய்ன்தான். அழுத்தத்திலும் அதே கதை. மேக்னத்துக்கு உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு, .45-70-க்கு 28,000. 1873-இல் கருமருந்துக்காகப் பிறந்த தோட்டா அது, கனத்த குண்டை மெதுவாகத் தள்ளுவதுதான் அதன் சுபாவம். பிரேக் பிடித்துக்கொள்ள அங்கே வாயு குறைவு. உதை பாதியாகக் குறைந்தது என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் பெரும்பாலும் மேக்னம் ரைஃபிள்களின் கணக்கு. வலுவான புது மார்லினுக்கென்று அடைத்து விற்கிற சூடான தோட்டாவில் மருந்து கூடுதல், அங்கே பிரேக்குக்கும் கொஞ்சம் வேலை இருக்கும். .30-30 என்ற மிதமான தோட்டாவுக்கான ரைஃபிள் வைத்திருக்கும் யாராவது கேட்டால், வேண்டவே வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன்.

உன் தோள் கன்றுவதற்குப் பாதிக் காரணம் ஸ்டாக், அதாவது தோளில் பதிகிற பின்கட்டைதான் என்று நினைக்கிறேன். பின்னால் உள்ள ரப்பர் இறுகிக் கட்டைபோல ஆகிவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். பழைய லீவர் ரைஃபிள்களின் ஸ்டாக் குறுகலாகவும், தோள் பக்கம் நன்றாகச் சரிந்தும் இருக்கும். இரும்புக் குறிபார்வையில் கண் வைக்க அது வசதி. ஆனால் சுடும்போது முனை மேலே எகிறும், ஸ்டாக்கின் மேல் விளிம்பு கன்னத்தில் அடிக்கும். மேலே டெலஸ்கோப் வேறு மாட்டியிருந்தால் கன்னம் சரியாகப் பதியாது, அடி இன்னும் பலமாகப் படும். முதலில் ஸ்டாக்கின் பின்முனையில் நல்ல மென்மையான ரப்பர் பேட் போடு. லிம்ப்சேவர், பாக்மெயர் டிசெலரேட்டர் இரண்டுமே நம்பகமானவை. ஸ்டாக்குக்கு அரைத்துப் பொருத்துகிற வகை அழகு. அது வரைக்கும் உறைபோல மாட்டுகிற வகையே போதும், ஆனால் அதில் ஸ்டாக்கின் நீளம் கூடும். உன் கை குட்டை என்பதால் டிரிகரிலிருந்து பேட் வரை அளந்துகொள். நீளம் அதிகமானால் ஸ்டாக் தோள்குழியில் உட்காராமல் புஜத்தில் உட்காரும், அங்கேதான் கன்றும்.

அடுத்தது தோட்டா. நீ சூடான வகையைத்தான் சுட்டிருப்பாய் என்று சந்தேகிக்கிறேன். ஏழு பவுண்டு ரைஃபிளில் அது 30 அடி-பவுண்டை (உதையின் ஆற்றலுக்கான அளவு) தாண்டி உதைக்கும், .30-30 உதைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நொடிக்கு 1,300 அடிச் சொச்சம் போகிற சாதாரண 405 கிரெய்ன் தோட்டாவை வாங்கிப் பார். காகிதத்தில் ஓட்டை போட அதற்கு மேல் எதற்கு? எடையும் உதவும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஏழு பவுண்டு ரைஃபிள் எட்டு பவுண்டானால் உதையின் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு குறையும். ஸ்டாக்குக்குள் எடை வைப்பதுண்டு, தூக்கித் திரிய வேண்டியிருந்தால் மட்டும் யோசி.

இதையெல்லாம் செய்தும் பிரேக் வேண்டும் என்றால் கேள். உன் குழலில் மரை இல்லை என்கிறாய், அப்படியானால் துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்து வெட்ட வேண்டும். இந்த ரைஃபிளில் குழலுக்கு அடியில் தோட்டாக்கள் இருக்கும் மேகஸின் குழாய் ஓடுகிறது, முன் குறிபார்வையும் முனையை ஒட்டியே இருக்கிறது. மரைக்கு அங்கே இடம் இருக்கிறதா என்று முதலில் அளக்கச் சொல். பிரேக் தடிமனாக இருந்தால் மேகஸின் மூடியில் இடிக்கும். மரை அளவும் முக்கியம். .30 வகைக் குழல்களுக்கு வழக்கமான 5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை என்ற அளவை உன் குழலுக்கும் வெட்டலாம்தான், ஆனால் 0.458 அங்குலக் குண்டு போகிற குழலில் சுவர் மெல்லிசாகிவிடும். ரூகர் கம்பெனி மார்லினை வாங்கிய பிறகு வரும் 1895-களில் 11/16 அங்குலம், 24 மரை. அதையே கேள், அந்த அளவில் பிரேக்கும் கிடைக்கும்.

பிரேக்கில் பார்க்க வேண்டியது துளைகள். பக்கவாட்டில் பெரிய துளைகள், அடியில் ஒன்றும் இல்லாத வகைதான் உனக்கு. அடியில் துளை இருந்தால் மேகஸின் முனையெல்லாம் கரி, தரையை ஒட்டிச் சுட்டால் கண்ணில் புழுதி. இந்த வகையை முறுக்கி முடிக்கும்போது துளைகள் இரண்டு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும், அதற்கு மெல்லிய வாஷர் வைத்துச் சரிசெய்வார்கள். நடு ஓட்டை குண்டைவிட 0.020 அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். அது .45-க்கானது என்று பிரேக்கிலேயே பொறித்திருக்கிறதா பார், .30 பிரேக்கை யாராவது தலையில் கட்டினால் முதல் குண்டே அதைப் பிய்த்துக்கொண்டு போகும். மரையே இல்லாமல் குழலின் மேல் இறுக்கிப் பிடிக்கிற வகை பக்கம் போகாதே. அது இம்மி நகர்ந்தாலும் ஆபத்து. மாட்டிய பிறகு குண்டு விழும் இடம் மாறியிருக்கும், குறியை மறுபடி சரிபார்.

ஈயக் குண்டு சுடப் போகிறாய் என்றால் இன்னொன்று. பிரேக் மாட்டிய ஒரு .45-70-ஐக் கழற்றிப் பார்த்தேன். உள்சுவரில் ஈயம் சாம்பல் நிறத் தகடாகப் படிந்து, துளைகளின் விளிம்பில் சுருண்டு நின்றது. நகத்தால் பெயர்க்க வரவில்லை, பித்தளைக் குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது. அப்படியே விட்டால் ஓட்டை குறுகிக்கொண்டே வரும்.

அப்புறம் சத்தம். பிரேக் இல்லாத ரைஃபிளே 140 டெசிபலைத் தாண்டும், காதுக்குக் கேடு வர அதுவே போதும். பிரேக் அந்தச் சத்தத்தை உன் பக்கமே திருப்பிவிடும். காதுக்குள் செருகியும் மேலே மூடியும் சேர்த்துப் போடாமல் ஒரு தோட்டாகூட வேண்டாம். சுடுகளத்தில் பக்கத்து மேஜையில் ஒருவர் பிரேக் மாட்டிச் சுட்டபோது என் மேஜையில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது, மார்பில் யாரோ தட்டியது போல இருந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் காதை மூடுவதில்லை, அதனால்தான் அவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதே இல்லை. மார்லின்காரர்களே 1998-இல் கைட் கன் என்று குட்டைக் குழல் ரைஃபிளின் குழல் முனையிலேயே துளை போட்டு விற்றார்கள். சில வருடங்களில் துளை இல்லாமலே விற்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் துளைகளும் முனை எகிறுவதைத்தான் கொஞ்சம் அடக்கும், தோளுக்கு வரும் தள்ளலை அல்ல.

பார்வைக்கும் ஒரு வார்த்தை. லீவர் ரைஃபிளின் முனையில் பிரேக் எனக்கு ஒட்டவைத்த மூக்கு மாதிரிதான் தெரிகிறது. உனக்குப் பிடித்தால் சரி.

முதலில் பேட், பிறகு சாதாரணத் தோட்டா. அதோடு நிமிர்ந்து உட்கார்ந்து சுடு, மேஜைமேல் குனிந்து படுத்தால் முழு உதையையும் தோள்தான் வாங்கும். டிரிகரிலிருந்து ஸ்டாக் முனை வரை எவ்வளவு என்று அளந்து எழுது, எந்தத் தடிமனில் பேட் வேண்டும் என்று சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி