சில்லூறு என்ன தின்றது?

உவர்மலை, திருகோணமலை
ஆவணி 12

அன்பின் மச்சானுக்கு,

லண்டனிலிருந்து நீ போட்ட கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருக்கு நல்ல பார்வை. கோட்டைப் பக்கம் போனால் மான்களை எண்ணிக்கொண்டு வருகிறார். இங்கே கச்சான் காற்று இன்னும் விடவில்லை, மத்தியானத்தில் வாசலில் நிற்க முடியாது.

உன் சின்னவள் வளர்க்கிற கெக்கோப் பல்லி நடக்கும்போது கால் நடுங்குகிறது என்று நீ எழுதியதை வாசித்ததும் திடுக்கிட்டேன். அதனால்தான் அன்றிரவே போன் எடுத்து, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியரிடம் உடனே கொண்டு போ என்றேன். கல்சியம் குறைந்து எலும்பு இளகினால் அப்படித்தான் தொடங்கும். வளைந்துபோன எலும்பு பிறகு நேராகாது. போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் சொல்ல நேரமில்லாததை இப்போது எழுதுகிறேன்.

“கடையில் வாங்கிய பெரிய கிரிக்கெட்தான் கொடுக்கிறோம், ஒரு குறையும் வைக்கவில்லை” என்று எழுதியிருந்தாய். சரி மச்சான், அந்தக் கிரிக்கெட், அதுதான் நம் சில்லூறுப் பூச்சி, என்ன தின்றது? கடைப் பெட்டிக்குள் நாலு நாள் பட்டினி கிடந்த பூச்சி வெறும் கோது. நல்லாய்த் தின்ற சில்லூறிலும்கூட கல்சியத்தைவிடப் பொஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பல்லியினத்துக்கு வேண்டியதோ ஏறக்குறைய 2 பங்கு கல்சியத்துக்கு 1 பங்கு பொஸ்பரஸ். அந்த இடைவெளியைப் பூச்சியின் வயிறும் கல்சியத் தூளும் சேர்ந்துதான் நிரப்ப வேண்டும். கெக்கோவுக்குப் போடுவதற்கு 24 முதல் 48 மணித்தியாலம் முன்பிருந்தே அவற்றுக்கு நல்ல தீன் கொடு. நான் முருங்கையிலையும் கரட்டும் கோழிக்குஞ்சுத் தீனும் போடுகிறேன். முருங்கையிலையில் கல்சியம் தாராளம், உங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைகளிலும் கிடைக்கும். ஸ்பினாச் வேண்டாம், அதிலுள்ள ஒக்சலேட் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம், தூளில் புரட்டிப் போடு. விற்றமின் டி3 சேர்ந்த தூளை எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுவது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

பூச்சியின் நீளம் கெக்கோவின் இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மிஞ்சக் கூடாது. பெரிது நல்லது என்ற உன் எண்ணம் இதில் பிழை. தின்னாமல் மிஞ்சியவற்றை உள்ளே விடவும் வேண்டாம், பசித்த சில்லூறு தூங்குகிற கெக்கோவையே கடிக்கும்.

கடையை நம்பாமல் சில்லூறை நீங்களே வளர்த்தால் என்ன? மூன்று வருடமாக நான் பின் விறாந்தையில் வளர்க்கிறேன், உனக்குத் தெரியும். என்னிடம் ஊர்வன ஒன்றும் இல்லை. நம் நாட்டுப் பல்லி, ஆமைகளைப் பிடித்து வளர்க்க 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் விடாது, அது நல்லதும்தான். என் சில்லூறுகள் எல்லாம் அரோவானா மீன் வளர்ப்பவர்களுக்குப் போகின்றன.

முதல் வருடம் பட்டதைச் சொல்கிறேன். தண்ணீரைச் சிறு மூடியில் வைத்தேன், குஞ்சுகள் அத்தனையும் மூழ்கிச் செத்தன. இப்போது நனைத்த பஞ்சுதான். பிறகு வாடைக்காற்றோடு மழை வந்தது. அடியில் சேர்ந்த எச்சம் ஈரமாகி, பெட்டியைத் திறந்தால் அமோனியா நெடி மூக்கில் ஏறியது. ஒரு கிழமைக்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. அன்று முற்றத்தில் வெகுநேரம் இருந்தேன். அன்றிலிருந்து மூடியைப் பெரிதாக வெட்டி, கம்பி வலை ஒட்டியிருக்கிறேன். நுளம்பு வலை சரிவராது, கடித்து ஓட்டை போட்டுவிடும். எறும்பு ஏறாமல் மேசைக் கால்களைத் தண்ணீர்ப் பேணிகளில் வைத்தேன். சுவர்ப் பல்லிகள் மட்டும் எப்படியோ நுழைந்து குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும்.

முட்டைக்கு ஒரு சிறு பெட்டி நிறைய ஈரத் தும்புச்சோறு, அதாவது தேங்காய்த் தும்புத் தூள், போதும். வாலில் இரண்டு மயிர்களுக்கு நடுவே ஊசி மாதிரி மூன்றாவது ஒன்று நீண்டிருந்தால் அது பெண். அந்த ஊசியைத் தும்புச்சோற்றில் குத்தி நின்று முட்டையிடும், ஒரு பெண்ணே நூற்றுக்கு மேல் இடும். இரண்டு மூன்று நாளில் பெட்டியை எடுத்து மூடி வை. 30 பாகை வெப்பத்தில் பத்துப் பதின்மூன்று நாளில் குஞ்சு பொரிக்கும், ஆறு முதல் எட்டுக் கிழமையில் பெரிதாகிவிடும். எனக்கு அந்த வெப்பத்தைத் திருகோணமலை வெயில் சும்மா தருகிறது, உனக்கு லண்டனில் வெப்பத் தட்டு வேண்டும். ஆனால் இங்கே ஒரு கச்சான் மத்தியானம் தும்புச்சோற்றைக் காயவைத்துவிட்டால் அத்தனை முட்டையும் போச்சு. ஈரம் பார்க்க நான் வேலையிடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வருகிறேன்.

இடம் நெருக்கமானாலோ தண்ணீர் குறைந்தாலோ, தோல் கழற்றி மெத்தென்று இருக்கிறதை மற்றவை தின்றுவிடும். அதற்குத்தான் முட்டை அட்டைகளை நிமிர்த்தி அடுக்குவது, ஒளிய இடம் வேண்டும். ஒரு தலைமுறை முடிந்ததும் பெட்டியைக் கழுவி வெயிலில் காயப்போடு. 2010 அளவில் ஒரு வைரசு அமெரிக்க, கனடாப் பண்ணைகளில் வீட்டுச் சில்லூறு என்ற இனத்தை அள்ளிக்கொண்டு போனது. பெரிய பண்ணைக்கே அந்தக் கதி.

சின்னவள் தோட்டத்தில் பூச்சி பிடிக்கிறாள் என்றாய். வேண்டாம் என்று சொல். மருந்து அடித்த செடியைத் தின்ற பூச்சியா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தானே விஷமுள்ள பூச்சியும் உண்டு, மின்மினி தின்று தாடி ஓணான்கள் செத்திருக்கின்றன.

அவளே வளர்க்கட்டும் மச்சான். பத்து வயதுப் பிள்ளைக்கு முடியாத வேலை இல்லை. ஆண் பூச்சிகள் இரவில் சிறகை உரசிக் கத்தும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவை. அம்மா அந்தச் சத்தம் இல்லாமல் இப்போது தூங்குவதில்லை.

முட்டைப் பெட்டி மூடிய திகதியை அவள் கையாலேயே எழுதி ஒட்டச் சொல். பத்தாம் நாளிலிருந்து இரவில் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். எறும்பை விடச் சின்னதாய் ஏதாவது துள்ளினால், உங்கள் நேரம் எத்தனை மணியானாலும் எனக்குப் போன் எடுக்கச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்